நாடகப் பாடம் லேசான பாடமா?

பத்தமடை என்றதும் எல்லோருக்கும் பாய் நினைவுக்கு வரும். அடுத்தபடியாக, ரிஷிகேசத்தில் ஆசிரமம் கண்ட சுவாமி சிவானந்தர் நினைவுக்கு வருவார். 1887-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி இந்த ஊரில் குப்புசாமியாகப் பிறந்தவர் அவர். டாக்டராகி மலேயாவுக்குப் போனது, அங்கே பேரும் பணமும் சம்பாதித்தது, 1923-ல் அத்தனையையும் உதறிவிட்டுத் தாய்நாடு திரும்பியது, துறவு பூண்டது ஆகியவையெல்லாம் ஊரறிந்த கதை.

ஊர் அவ்வளவாக அறியாத கதை ஒன்றும் உண்டு. திருச்சி எஸ்.பி.ஜி. கல்லூரியில் அவர் படித்துக் கொண்டிருந்தபோது, 1905-ல், ஷேக்ஸ்பியரின் 'நடுவேனிற் கனவு' நாடகம் அங்கே மேடையேறியது. அதில் ஹெலனா என்ற பெண் வேடம் தாங்கியவர் நம் பத்தமடை குப்புசாமிதான்! வேடத்தை அழகாகச் செய்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கல்லூரி நாடகத்துக்கு மார்க் கிடையாது. ஆசைப்பட்டவர்கள் நடித்தார்கள். இந்தக் காலத்தில் நாடகம் பாடமாகவே வந்திருக்கிறது. தமிழ்ப் பாடத்தில் ஒரு நாடக நூல் இருக்கும். அதுவல்லாமல், முதன்மைப் பாடத்துக்குப் புறம்பாக ஒரு விருப்பப் பாடத்தை மாணவரே தேர்ந்து கொள்ளும் ஏற்பாடும் தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் இருக்கிறது. அப்படித் தேர்ந்து கொள்ளும் பாடங்களில் சில கல்லூரிகள் நாடகத்தையும் வைத்திருக்கின்றன.

பாடம் வந்ததும் அபிப்பிராயமும் வந்து விட்டது. 'நாடகப் பாடமா? அது லேசுப்பா!' என்பதுதான் அந்த அபிப்பிராயம். இது வாஸ்தவம்தானா? கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

பஸ் நிறுத்தத்தில் மூன்று பேர்

மூன்று மாணவர்களை மனத்திலே கற்பனை செய்து கொள்ளுங்கள். பாளையங்கோட்டையிலோ திருநெல்வேலியிலோ படிக்கிறவர்கள். காலையில் பத்தமடை பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்கள். விருப்பப் பாடம் எது என்று எழுதிக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள்.

"ஏலே, பேசாம நாடகத்த எழுதிக் குடுல. படிக்கவே வேண்டாம். நாலு வசனம் பேசினா மார்க்கு வந்துரும்" என்கிறான் முதல் மாணவன். கணிதம் அவனுடைய முதன்மைப் பாடம். அதிலேயே மூச்சு முட்டுகிறது. ஒரு பாடமாவது பாரமில்லாமல் இருக்கட்டுமே என்று நினைக்கிறான். இது குற்றமா? இல்லை. எத்தனையோ பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் மேற்படிப்பும் மார்க்கை நம்பித்தான் இருக்கின்றன.

"லேசுன்னுதாம்ல எனக்குப் பயமாருக்கு. நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல, 'நாடகமா படிச்சே?'ன்னு சிரிச்சான்னா என்ன செய்யது?" என்கிறான் இரண்டாமவன். அவனுடைய வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் பிள்ளை அவன். கம்ப்யூட்டர் சம்பந்தமாக ஏதாவது எடுத்தால் பிரயோஜனம் என்று அவன் அப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். இதுவும் நியாயமான கவலைதான்.

மூன்றாவது ஒரு மாணவி. பாய் முடையும் குடும்பத்துப் பெண். "எனக்கு ஆசையாத்தான் இருக்கு அண்ணே. ஆனா ஒத்திகை சாயங்காலம்தானே வைப்பாங்க? இருட்டின பொறவு பஸ் ஏறி வந்தா வாப்பா விடுவாங்களா?" என்கிறாள். இவளுக்குப் பாடம் லேசா கஷ்டமா என்பது பிரச்னையே இல்லை. பாடத்துக்குப் போய்ச் சேருவதுதான் பிரச்னை.

இந்த மூன்று பேரும் கற்பனை. ஆனால் மூன்று பேச்சும் கற்பனை அல்ல. நாடகப் பாடம் உள்ள எந்தக் கல்லூரியிலும் இந்த மூன்று பேச்சும் காதில் விழும். கடல் கடந்தாலும் இதே கதைதான். அமெரிக்கக் கல்லூரிகளில் 'நாடக அறிமுகம்' என்ற ஆரம்ப வகுப்புக்குச் சுலபமாக மார்க் வாங்கும் பாடம் என்று நெடுநாளாகவே ஒரு பெயர் உண்டு. விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகள் மூச்சு விட்டுக் கொள்ள அங்கே ஒதுங்குவது சகஜம்.

லேசு என்ற பெயர் எப்படி வந்தது?

பெயர் சும்மா வரவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, ஆரம்ப வகுப்பு என்றால் யாரையும் ஒதுக்கக் கூடாது. குரல் வளம் உள்ளவனும் வருவான்; நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக் கொள்கிறவனும் வருவான். இருவருக்கும் ஒரே பரீட்சை. ஆகவே ஆசிரியர் கையைத் தாராளமாக வைத்துத்தான் மார்க் போடுவார்.

இரண்டாவது, கணக்கில் விடை சரியா தப்பா என்று சொல்லி விடலாம். நடிப்பில் அப்படிச் சொல்ல முடியாது. 'சோகமாக நின்றான், ஆனால் ஏழரை மார்க்கு சோகம்தான்' என்று யார் அளப்பது? அளக்க முடியாததை அளக்கும்போது, சண்டைக்கு அஞ்சி எல்லோருக்கும் நல்ல மார்க் போட்டு விடுவது மனித சுபாவம்.

மூன்றாவதுதான் வருந்தத்தக்கது. நாடகம் தெரிந்த ஆசிரியர் எல்லாக் கல்லூரியிலும் கிடைப்பதில்லை. மேடையே காணாமல், நாடகத்தின் வகைகள், நாடகத்தின் வரலாறு என்று குறிப்புகளை எழுத வைத்து, அதையே பரீட்சையில் திருப்பி எழுதச் சொன்னால் அந்தப் பாடம் லேசாகத்தான் இருக்கும். நீச்சல் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவதும் லேசுதான். தாமிரபரணியில் இறங்கினால் தெரியும்!

நாள்தோறும் பாடும் நாடகம்

நாடகத்தை இளப்பமாக நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பள்ளியில் சேர்ந்த நாள் முதல் அவர்கள் பாடி வரும் தமிழ்த்தாய் வாழ்த்து எங்கிருந்து வந்தது? பெ. சுந்தரம் பிள்ளை எழுதி 1891-ல் வெளியான 'மனோன்மணீயம்' என்ற நாடக நூலின் பாயிரத்திலிருந்து வந்தது. 1970 முதல் அரசு விழாக்களில் பாடப்பட்டு வந்த அந்தப் பாட்டை 2021-ல் தமிழ்நாடு அரசு மாநிலப் பாடலாகவே அறிவித்தது.

சுந்தரம் பிள்ளை 1855-ல் ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். அதற்கு முன் திருநெல்வேலியில், இப்போது ம.தி.தா. இந்துக் கல்லூரி என்று விளங்கும் நிலையத்தில் ஆசிரியப் பணி பார்த்தவர். பத்தமடைக்கு அதிகத் தொலைவில்லாத கோடகநல்லூரில் வாழ்ந்த சுந்தர சுவாமிகளைக் குருவாகக் கொண்டவர். 42 வயதே வாழ்ந்து 1897-ல் மறைந்தார். 1990-ல் திருநெல்வேலியில் தோன்றிய பல்கலைக் கழகத்துக்கு அவருடைய நாடகத்தின் பெயரையும் அவருடைய பெயரையும் சேர்த்தே வைத்தார்கள். ஆக, நெல்லைச் சீமையில் பட்டம் வாங்கும் மாணவர் பலர் வாங்கும் சான்றிதழின் தலைப்பிலேயே ஒரு நாடகம் இருக்கிறது!

'மனோன்மணீயம்' வெளியான அதே 1891-ல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்களும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேடம் கட்டி நடித்த சபை அது. சம்பந்த முதலியார் பின்னால் நீதிபதியாகவும் இருந்தார். நாடகம் படித்தவர்களுக்கு ஏற்றதல்ல என்ற எண்ணத்தை மாற்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

'கம்பெனி நாடகம்' என்று ஒரு பக்கம் இருந்ததே, அது லேசாக இருந்ததா? தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1918-ல் மதுரையில் அவர் சிறுவர்களை வைத்து நாடக சபை தொடங்கினார். பின்னாளில் 'அவ்வை' சண்முகம் என்று புகழ் பெற்ற டி.கே. சண்முகமும் அவர் சகோதரர்களும் அங்கே பயின்றவர்கள்தான். சின்னஞ்சிறு பிள்ளைகள் ராகமும் தாளமும் தவறாமல் நூற்றுக்கணக்கான பாட்டுகளையும் பக்கம் பக்கமாக வசனத்தையும் நெட்டுருப் போட்டார்கள். விடிய விடிய நடித்தார்கள். இன்றைய மாணவரிடம் அந்தப் பாடத்திட்டத்தைக் கொடுத்தால் கணிதமே தேவலை என்று ஓடி விடுவார்!

ஹார்வார்டில் நடந்தது

இதே கேள்வி பெரிய பல்கலைக் கழகங்களையும் ஆட்டி வைத்திருக்கிறது. பத்தமடை குப்புசாமி திருச்சியில் ஹெலனாவாக நின்ற அதே 1905-ல், அமெரிக்காவின் ஹார்வார்டு பல்கலைக் கழகத்தில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் என்ற பேராசிரியர் நாடகம் எழுதக் கற்றுக் கொடுக்கும் வகுப்பைத் தொடங்கினார். அந்த வகுப்பில் விரும்பியவர் எல்லாம் நுழைந்து விட முடியாது. தாம் எழுதியதைக் காட்டி இடம் பிடிக்க வேண்டும். 1914-ல் அங்கே சேர்ந்தவர்களில் ஒருவர் யூஜின் ஓநீல். அவருக்கு 1936-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியிருந்தும், நாடகக் கலைக்கென்று தனிப் பட்டமும் அரங்கமும் வேண்டும் என்று பேக்கர் கேட்டதற்கு ஹார்வார்டு இணங்கவில்லை. 1925-ல் அவர் யேல் பல்கலைக் கழகத்துக்குப் போய், அங்கே நாடகத் துறையை உருவாக்கினார். நாடகம் பல்கலைக் கழகத்துக்கு ஏற்ற படிப்புத்தானா என்ற சந்தேகம் எவ்வளவு பழையது பாருங்கள்!

நம் நாட்டில் டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி 1959-ல் ஆரம்பமாயிற்று. 1962 முதல் 1977 வரை அதை நடத்தியவர் இப்ராஹிம் அல்காஸி. கண்டிப்புக்குப் பெயர் போனவர். மேடையைப் பெருக்குவதிலிருந்து திரைச்சீலை, விளக்கு, ஒப்பனை வரை எல்லா வேலையையும் மாணவர் தம் கையால் செய்ய வேண்டும் என்பது அவருடைய முறை. லேசு என்று சொல்லிக் கொண்டு அந்த வாசற்படியை யாரும் மிதித்திருக்க முடியாது.

நாங்குநேரிக்காரர் காட்டிய வழி

டெல்லி தூரம் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. நாங்குநேரியில் 1935-ல் பிறந்தவர் பேராசிரியர் சே. இராமானுஜம். முதலில் பள்ளிக்கூட ஆசிரியர். பிறகு டெல்லி நாடகப் பள்ளியில் பயிற்சி பெற்றார். கேரளத்தில் திருச்சூர் நாடகப் பள்ளியிலும், பின்பு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தின் நாடகத் துறையிலும் பணியாற்றினார். குழந்தைகளுக்கான நாடகத்தில் அவருக்குத் தனி அக்கறை. பிள்ளைகளை விளையாட விட்டே நாடகம் கற்றுக் கொடுக்க முடியும் என்று செய்து காட்டினார். 2016-ல் மறைந்தார்.

திருக்குறுங்குடி நம்பி கோயிலில் கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசி இரவில் நடக்கும் கைசிக நாடகம் மங்கிக் கிடந்தது. பாணர் குலத்து நம்பாடுவான், தன்னைப் பிடித்த பிரம்மராட்சசனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத் திரும்பி வரும் கதை அது. நாட்டியக் கலைஞர் அனிதா ரத்னத்தின் முயற்சியில் 1999-ல் அது மீண்டும் உயிர் பெற்றபோது, அதை நெறிப்படுத்தி உருவாக்கியவர் இராமானுஜம்தான்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. நாடகப் பாடத்துக்கு வேண்டிய சரக்கு நம் வட்டாரத்திலேயே நிறைய இருக்கிறது. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு உண்டு. சுடலைமாடன் கோயிலில் மகுடம் முழங்கக் கணியான் கூத்து உண்டு. ஒரு கணியான் கலைஞர் கதை சொல்கிறபோது கூட்டத்தை எப்படிப் பிடித்து நிறுத்துகிறார் என்று ஓர் இரவு கவனித்து எழுதி வரச் சொன்னால், அது பத்துப் புத்தகக் குறிப்புக்குச் சமம். அப்படிச் சொல்லும் ஆசிரியர் அமைந்தால் பாடம் சுவையாகவும் இருக்கும், லேசாகவும் இராது.

அப்படியானால் என்ன கிடைக்கும்?

நாடகம் படித்தவர் எல்லோரும் நடிகராகப் போவதில்லை. ஆரம்ப வகுப்பின் நோக்கமும் அதுவல்ல. பின் என்ன கிடைக்கும்?

மூச்சை அடக்கி, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி கத்தாமல் பேசும் பழக்கம் கிடைக்கும். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கிற வரையில் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் கிடைக்கும். கையை எங்கே வைத்துக் கொள்வது என்று தெரியாமல் தவிக்கும் கூச்சம் போகும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு காரியத்தைக் குறித்த நேரத்தில் முடிக்கும் ஒழுங்கு வரும். திரை ஏழு மணிக்கு என்றால் ஏழு மணிக்கு ஏறியாக வேண்டும் அல்லவா?

இதில் இரண்டாவது மாணவனுக்குப் பதில் இருக்கிறது. வேலைக்கான நேர்முகத் தேர்வில் நம் கிராமத்துப் பிள்ளைகளில் பலர் தோற்பது அறிவுக் குறைவால் அல்ல. தெரிந்த பதில் தொண்டையிலேயே நின்று விடுகிறது. நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழகாத குறை அது. வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது. கல்லூரிதான் கொடுக்க வேண்டும். அவனுக்கு நாடகப் பாடம் ஆடம்பரம் அல்ல, அவசியம்.

முதல் மாணவனுக்கும் ஒன்று சொல்லலாம். தம்பி, லேசு என்று நினைத்தே சேர்ந்து கொள். அதில் தவறில்லை. ஆனால் சேர்ந்த பிறகு அந்த லேசுத்தனத்தை நல்லதற்குப் பயன்படுத்து. மார்க்குக்குப் பயந்து செய்கிற பாடத்தில் யாரும் துணிந்து தப்புச் செய்வதில்லை. நாடகத்துக்கோ தப்புச் செய்து பார்த்தால்தான் வழி பிறக்கும். ஒரு வசனத்தை ஐந்து விதமாகப் பேசிப் பார்த்து, நான்கைத் தள்ளினால்தான் ஐந்தாவது அமையும். தோற்றாலும் மார்க் போகாது என்ற தைரியம் இருக்கிற இடத்தில்தான் அது முடியும்.

பஸ் போய் விட்டால்?

மூன்றாவது மாணவியின் கேள்விதான் கஷ்டமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மாணவிகள் அல்ல, கல்லூரிகள்.

1905-ல் பெண் வேடத்துக்கு ஆண் பிள்ளை வந்தார். அன்றைய வழக்கம் அது. இன்று கல்லூரிகளில் பெண் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். ஆனால் ஒத்திகை மாலை ஆறு மணிக்கு மேல் என்றால், விடுதியில் இருப்பவர்களும் ஊரிலேயே வீடு உள்ளவர்களும்தான் மேடைக்கு வருவார்கள். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று பஸ்ஸில் வந்து போகும் பெண்கள் நோட்டில் எழுதுவதோடு சரி. இருவருக்கும் பாடம் ஒன்று; மார்க்கும் ஒன்று; கற்றது மட்டும் வேறு வேறு. இது நியாயமா?

இதற்குப் பரிகாரம் பெரிய காரியம் அல்ல. ஒத்திகையை வகுப்பு நேரத்துக்குள்ளேயே கொண்டு வரலாம். இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். இரண்டு மணி நேர நாடகத்துக்குப் பதிலாகப் பத்து நிமிஷ நாடகங்கள் ஐந்து போடலாம். எல்லோருக்கும் வேடம் கிடைக்கும். பட்டப் பகலில், பெற்றோரையும் அழைத்து வைத்து நடத்தலாம். மகள் மேடையில் நிமிர்ந்து நின்று பேசுவதை ஒரு முறை நேரில் பார்த்த தகப்பனார் அடுத்த முறை தடை சொல்வது அபூர்வம்.

மார்க் போடும் முறையையும் திருத்தலாம். நடிப்புக்கு மட்டும் மார்க் என்று வைக்காமல், நேரத்துக்கு வந்தது, பாடம் பண்ணியது, திரைக்குப் பின்னால் விளக்கும் உடையும் பார்த்தது, பார்த்த நாடகத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியது என்று பிரித்துப் போட்டால், கூச்ச சுபாவிக்கும் நியாயம் கிடைக்கும்; சோம்பேறிக்கும் தப்ப வழி இராது.

எழுதிக் கொடுக்கும் முன்

நாடகப் பாடத்தைத் தேர்ந்து கொள்ள நினைக்கும் மாணவ மாணவியர், 'லேசா?' என்று கேட்பதோடு நிற்காமல், மூத்த மாணவர்களிடம் இன்னும் நான்கு கேள்விகள் கேட்டுக் கொள்ளட்டும்.

ஒன்று: வருஷத்தில் ஒரு தடவையாவது எல்லோரும் மேடை ஏறுகிறார்களா? இரண்டு: ஆசிரியர் எழுந்து நின்று செய்து காட்டுகிறாரா, குறிப்பு மட்டும் சொல்லுகிறாரா? மூன்று: ஒத்திகை எத்தனை மணிக்கு முடிகிறது? நான்கு: நம் ஊர்க் கூத்தும் வில்லுப்பாட்டும் பாடத்தில் உண்டா?

நான்கில் மூன்றுக்காவது நல்ல பதில் வந்தால் தயங்காமல் எழுதிக் கொடுக்கலாம்.

ஆற்றங்கரைக் கோரை ஒன்றுதான். அதைக் கொண்டே திண்ணையில் விரிக்கும் முரட்டுப் பாயும் முடைகிறார்கள். மயிரிழையாகக் கீறிப் பட்டுப் பாயும் முடைகிறார்கள். முரட்டுப் பாய் சீக்கிரம் முடிந்து விடும். பட்டுப் பாய்க்கு வாரக் கணக்கில் உட்கார வேண்டும். எந்தப் பாய் வேண்டும் என்பதை முடைகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். நாடகப் பாடமும் அப்படியே. லேசாக எடுத்துக் கொண்டால் லேசான பாடம்தான். சிரத்தையோடு எடுத்துக் கொண்டால், பரீட்சை முடிந்து மார்க் மறந்து போன பிறகும், பத்துப் பேர் முன்னால் பேச எழுந்து நிற்கும் ஒவ்வொரு சமயத்திலும் அது துணைக்கு வரும்.